டீச்சரக்காவின் ஹீப்ரு

ஃபைலை எப்படி சேவ் செய்வது என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சனிக்கிழமை காலை. அன்று மாலையே அதை எப்படிச் செய்வது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இடையில் நடந்தது மதியச் சாப்பாடு மட்டும்தான். "நல்லா பாத்துக்கோ. இதை நெறைய பேரு தப்பா பண்றாங்க" என்று ஆரம்பித்து, மவுஸை என் கையிலிருந்து வாங்கி, காலையில் நான் சொன்ன உதாரணத்தையே எனக்குச் சொன்னார். கியர் செய்யும் கம்பெனி ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அப்போது நான் வேலை பார்த்தேன். பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னால்தான் போகும். அதைச் சொல்லி அவரை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பெண்கள் விடுதியில் எல்லோருக்கும் அவர் டீச்சரக்கா. எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில், அட்டைப்பெட்டி மடித்து டேப் ஒட்டிப் பட்டை இறுக்குகிற வேலை. முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட அன்றைக்கே, வார்டனின் தங்கையை முன்னால் உட்காரவைத்துத் தான் பின்னால் உட்கார்ந்து, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிரேக் பற்றிய பாடம் அவருக்கே மறுநாள்தான் இருந்தது. இளநீர் வண்டிக்காரர் நல்ல மனிதர், பெரிதுபடுத்தவில்லை.

அவரிடம் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அந்தக் கேள்வியே திரும்பி நம்மிடம் வரும். மெஸ்ஸில் சமைக்கிற அம்மா பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசுவார். ஒருநாள், "ஏன்ரீ அக்கா, பஸ் ஸ்ட்ரைக் எப்ப முடியுமாம்?" என்று கேட்டார்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க? சொல்லுங்க பாப்போம்."

அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். சம்பளம், தேர்தல், மழை என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் கோத்து ஒரு பதில் சொன்னார். டீச்சரக்கா கண்ணை மூடிக் கேட்டார்.

"ம். கிட்டத்தட்ட சரி" என்றார்.

இந்தக் "கிட்டத்தட்ட சரி"யை வாங்காதவர்கள் விடுதியில் யாருமில்லை. டாலரன்ஸ் என்றால் என்ன, கியரின் அளவில் எவ்வளவு பிசகினால் ஏற்றுக்கொள்வோம் என்று நான் விளக்கியபோது எனக்கும் கிடைத்தது. சமையல் அம்மாவுக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

இப்படிப்பட்டவர்தான் ஹீப்ரு கற்றுக்கொள்ளப் போனார்.

போனதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கம்பெனி பேக்கிங் பிரிவை வடக்கே உத்தராகண்டுக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. அந்த வருஷங்களில் ஓசூரில் பல கம்பெனிகளில் அதே பேச்சுதான். வேலை போனால் அவருக்கு இருந்த ஒரே இடம் குந்தாரப்பள்ளியில் அண்ணன் வீடு. அண்ணன் தொல்லை இல்லை. அண்ணிதான். அண்ணி கெட்டவரும் இல்லை. அவர் செய்த குற்றம் வேறு.

"அவ எனக்கு ரசம் வைக்கச் சொல்லித் தர்றா" என்றார் டீச்சரக்கா ஒருமுறை, பொங்கல் லீவு முடிந்து வந்து. முகம் சிவந்திருந்தது. "எனக்கு! புளியை இப்பிடிக் கரைக்கணும், அப்பிடிக் கரைக்கணும்னு. அங்க போயி ஆயுசுக்கும் ஒக்காந்து கத்துக்கிட்டு இருக்கறதுக்கு நான் இஸ்ரேலுக்கே போயிடுவேன்."

இஸ்ரேல் என்று அவர் வாயில் வந்தது தற்செயல் இல்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் அது. முதியவர்களை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை, பெண்கள் தேவை, அன்றாட ஹீப்ரு கற்றுத்தரப்படும். பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஆள் எடுப்பவர்கள் வரும்போது நான்கு வார்த்தை பேசத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.

அந்த வகுப்பை நடத்தியவரை மாஸ்டர் என்பார்கள். அவரே அங்கே போய் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தவர். அந்த முதியவருக்குக் காது கேட்காது. இதனால் மாஸ்டரைப் பொறுத்தவரை ஹீப்ரு என்பது கத்திப் பேச வேண்டிய மொழி. காலை வணக்கத்தையும் நன்றியையும் அவர் எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டால் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும். கீழே பஞ்சர் ஒட்டுபவர் அடிக்கடி மாடிப்படி வரை வந்து எட்டிப் பார்ப்பார்.

முதல் ஞாயிறு வகுப்பு முடிந்து டீச்சரக்கா வந்தார். திங்கள் காலை மெஸ்ஸில் நாங்கள் உப்புமாவில் கை வைத்தபோது, தட்டில் கரண்டியால் ஒரு தட்டு.

"போகேர் தோவ்!"

பயந்து யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள்.

"காலை வணக்கம்னு அர்த்தம். எல்லாரும் சொல்லுங்க. சத்தமா. அந்த ஊர்ல மெதுவாப் பேசினா மரியாதை இல்லைன்னு நெனைப்பாங்க."

விளக்கங்களை அவர் இப்படித்தான் உண்டாக்குவார். மாஸ்டரின் முதியவருக்குக் காது கேளாதது அவருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு விதியாக மாற்றினால்தான் பாடம் நடத்த முடியும்.

ஹீப்ருவில் தொண்டையின் அடியிலிருந்து காறி எடுக்கிற மாதிரி ஓர் ஒலி உண்டு. மன்னியுங்கள் என்று சொல்ல 'ஸ்லிஹா' என்பார்கள். நடுவில் அந்தக் காறல் வர வேண்டும். இரண்டாம் வாரம் முழுக்க விடுதி அதைத்தான் பயின்றது. குளியலறை வரிசையிலும் மாடிப்படியிலும் துணி காயப்போடும் இடத்திலும் காறல். வார்டன் நாகர்கோவில்காரர், தினமும் பைபிள் வாசிப்பவர். முதலில் அவருக்குப் பெருமையாக இருந்தது. "ஆண்டவருக்க பாஷையாக்கும்" என்றார். மூன்றாம் நாள் எல்லோருக்கும் மிளகுப் பால் வந்தது. "பாஷ படிக்கியளோ, சளி பிடிச்சிருக்கோ, எனக்குத் தெரியல்ல. குடிச்சிட்டுப் போங்க."

டீச்சரக்காவின் மாணவிகளில் மூன்று வகையினர் இருந்தார்கள். சிரிப்பதற்காக வந்தவர்கள், தப்பிக்கத் தெரியாதவர்கள், நாட்றாம்பாளையத்துப் பெண். அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊரிலிருந்து வந்தவள் அவள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாளர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் பகலில் பாதி நேரம் அறையில் இருப்பாள். டீச்சரக்காவும் அந்த அறைதான். ஓடி ஒளிய அவளுக்கு இடம் இல்லை.

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? நான் அங்க போகப் போறதில்லியே."

"போறவங்க மட்டும்தான் படிக்கணுமா? நீ ஒக்காரு. நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. எங்க, 'எங்கே வலிக்கிறது'ன்னு நான் கேக்கறேன். நீ பேஷண்ட்."

"நெஜ பேஷண்டு நாளெல்லாம் பாத்துட்டுதான்க்கா வர்றேன்."

"அப்ப நல்லா நடிப்பே. ம், சொல்லு."

அவள் சொன்னாள். வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் கன்னடமும் பள்ளிக்கூடத்தில் தமிழும் என்று வளர்ந்தவளுக்கு இன்னொரு மொழி பெரிய பாரமாகத் தெரியவில்லை. டீச்சரக்கா கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். மாஸ்டரின் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இந்த வகுப்பு தினமும். நான் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். டீச்சரக்கா ஒரு பதிலையும் தன் வாயால் சொன்னதில்லை. சரி, தப்பு, கிட்டத்தட்ட சரி. இவைதான் அவர் பங்கு.

ஒருநாள் பிரவுசிங் சென்டரில் என் வேலை முடிந்து மிச்சம் இருந்த நேரத்தில் ஹீப்ரு பற்றித் தேடிப் பார்த்தேன். எனக்கு வேண்டும் என்று சொல்ல ஆண் ஒரு மாதிரியும் பெண் ஒரு மாதிரியும் சொல்ல வேண்டுமாம். ஆண் என்றால் 'ரோட்சே', பெண் என்றால் 'ரோட்சா'. மாஸ்டர் ஆண். தனக்குத் தெரிந்ததைத்தான் கற்பித்திருக்கிறார். எங்கள் விடுதியில் ஒரு கூட்டமே ஆண்களாக மாறித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது.

டீச்சரக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"அது வீட்ல இருக்கற பொம்பளைங்களுக்கு" என்றார். "வேலைக்குப் போறவங்க ரோட்சேன்னுதான் சொல்லணும்."

"யாருக்கா சொன்னாங்க?"

"நீ என்ன நெனைக்கறே? யோசிச்சுச் சொல்லு பாப்போம்."

நாட்றாம்பாளையத்துப் பெண் துணி மடித்துக்கொண்டே இதைக் கேட்டாள். அடுத்த நாளிலிருந்து ரோட்சா என்று சொல்ல ஆரம்பித்தாள். டீச்சரக்கா ஒவ்வொரு முறையும் திருத்தினார். அவளும் ஒவ்வொரு முறையும் "சரிக்கா" என்றாள். மறுபடியும் ரோட்சா என்றாள்.

ஆள் எடுப்பதற்கு இஸ்ரேலிலிருந்து ஓர் அம்மா வரப்போவதாகச் செய்தி வந்தது. அதே வாரம் டீச்சரக்காவின் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குக் கடைசி மாதம் எது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் போன் செய்தார். விடுதியின் பொதுப் போன் கூடத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "ஆமாண்ணா... இல்லண்ணா... அண்ணிகிட்ட சொல்லு, அந்த ரூமை காலி பண்ண வேணாம். மாட்டுத் தீவனம் அங்கயே கெடக்கட்டும்." போனை வைத்துவிட்டுத் திரும்பியவர், எங்களைப் பார்த்து, "பாத்தீங்களா, போனை வெக்கும்போது இப்பிடி அழுத்தி வெக்கணும்" என்றார்.

ஆள் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை, டீச்சரக்காவின் பேப்பர்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்தவள் என்பதால் நானும் கூடப் போனேன். நாட்றாம்பாளையத்துப் பெண்ணையும் இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த களைப்பு அவளுக்கு.

"நான் எதுக்குக்கா?"

"பேசறதுன்னா எதிர்ல ஆள் வேணாமா? சும்மா ஒக்காரு. தைரியமா இருக்கும்." யாருக்குத் தைரியமாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

வந்திருந்த அம்மா வயதானவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, செருப்புக் கால். சிரித்த முகம். அறையில் யார் சத்தமாகப் பேசினாலும் காதைத் தேய்த்துக்கொண்டார். மாஸ்டர் பக்கத்தில் நின்றார். டீச்சரக்கா போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாட்றாம்பாளையத்துப் பெண் அவருக்குப் பின்னால் ஸ்டூலில்.

"மா ஷ்மேக்?" என்றார் அந்த அம்மா. உன் பெயர் என்ன. முதல் பாடத்தின் முதல் வரி.

டீச்சரக்கா அந்தக் கேள்வியைக் கவனமாகக் கேட்டார். சரியான கேள்விதான் என்பது போலத் தலையாட்டினார். பிறகு, தினமும் அறையில் செய்வது போலவே, பின்னால் திரும்பினார்.

"ம், சொல்லு."

அவள் குழம்பிப் போய்த் தன் பெயரைச் சொன்னாள்.

இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கேள்விக்கு நடந்ததைப் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வி எங்கே வசிக்கிறாய் என்பது. மறுபடியும் திரும்பினார். "கேக்கறாங்கல்ல? சத்தமா சொல்லு." மூன்றாவதற்கும் அதேதான். அந்த அம்மா முதலில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சற்று நகர்த்தி, நேராக அவளைப் பார்த்தே கேட்க ஆரம்பித்தார். டீச்சரக்கா குறுக்கே உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்கும் "கிட்டத்தட்ட சரி" என்று தமிழில் மார்க் போட்டார்.

குளியலறையில் முதியவர் விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று அந்த அம்மா கடைசியாகக் கேட்டார். அவளுக்கு அதற்கான வார்த்தைகள் போதவில்லை. எழுந்தாள். "அக்கா, கொஞ்சம் கீழ ஒக்காருங்க" என்றாள். டீச்சரக்கா தரையில் உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, ஒரு மூச்சில் தூக்கி நாற்காலியில் வைத்தாள். டீச்சரக்கா தூக்கப்படும்போதே, "பாருங்க, முதுகை வளைக்கக் கூடாது, காலுலதான் பலம்" என்று அந்தரத்திலிருந்து விளக்கிக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா கை தட்டினார். டீச்சரக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, அன்று முழுவதற்குமாகத் தன் வாயால் ஹீப்ருவில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"தல்மிதா ஷெலி!"

என் மாணவி என்று அர்த்தம். கீழே பஞ்சர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"தோடா, மோரா" என்றார் அந்த அம்மா. நன்றி, டீச்சர். மாஸ்டரிடம் எதையோ சொன்னார். மாஸ்டர் அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படி இறங்கும்போது டீச்சரக்காவுக்கு ஒரே உற்சாகம். "மோரான்னு சொன்னாங்க பாத்தியா? ஒரே தடவைல கண்டுபுடிச்சிட்டாங்க." கடைசிப் படியில் நின்றார். அண்ணாந்து அந்த மாடியைப் பார்த்தார். "என் பேரை எழுதலையே" என்றார். பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. "ஏம்மே, ரெண்டாவது பதில்ல நீ கொஞ்சம் இழுத்துட்டே" என்று அவளிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை மெஸ்ஸில் யாரும் கத்தவில்லை. உப்புமாவைச் சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. சமையல் அம்மா எட்டிப் பார்த்து, "அக்காக்கு மை சரி இல்வா?" என்று உடம்புக்கு என்னவென்று கேட்டார். சிரிப்பதற்காக வந்தவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை தட்டில் கரண்டி தட்டியது. "போகேர் தோவ்! என் ஸ்டூடன்ட் மொத பேட்ச்லயே செலக்ட் ஆயிருக்கா. மத்தவங்க எல்லாம் என்ன பண்றீங்க?"

அவள் போகத் தயங்கினாள். "அக்கா, இது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது" என்று சொன்னதை நான் கேட்டேன். "எனக்கு வந்திருந்தா உனக்கு யாரு சொல்லித் தந்திருப்பா?" என்றார் டீச்சரக்கா. இந்தப் பதிலை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கும்போது ஒன்றும் சொல்ல முடியாது.

அவளுடைய பெட்டியை டீச்சரக்காதான் கட்டினார். பெட்டி கட்டுவது மட்டும் அவர் உண்மையாகவே முழுதாகக் கற்ற வேலை. துணிகளுக்கு நடுவே ஊறுகாய் பாட்டிலைக் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, வெளியே பட்டை இறுக்கி, இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி ஸ்டிக்கரும் ஒட்டினார். அந்தப் பெட்டி ஒன்றுதான் அவர் வாய் திறக்காமல் செய்து நான் பார்த்தது.

பிறகு பேக்கிங் பிரிவு போனது. டீச்சரக்கா குந்தாரப்பள்ளிக்குப் போகவில்லை. கத்திக் கத்தி மாஸ்டருக்குத் தொண்டை போய்விட்டது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் இடத்துக்கு மாஸ்டர் யாரைக் கூப்பிட்டார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் பெங்களூருக்கு வேலை மாறிச் சில வருஷங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வழியாக வந்தபோது அந்த மாடிக்குப் போனேன். வகுப்பு நிறைந்திருந்தது. இஸ்ரேலைக் கண்ணால் பார்க்காத ஒருவரிடம் படித்து, விமானம் ஏறப்போகிற பெண்கள். டீச்சரக்கா கையில் ஸ்கேல் வைத்திருந்தார். கொஞ்சம் பெருத்திருந்தார். "வா, வா, ஒக்காரு. இந்தப் பாடத்தைக் கேட்டுட்டுப் போ, உனக்கும் உபயோகப்படும்."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. நாட்றாம்பாளையத்துப் பெண்தான், இஸ்ரேலிலிருந்து. டீச்சரக்கா ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"அக்கா, எப்பிடி இருக்கீங்க? ஒரு முக்கியமான விஷயம்..."

"தமிழ்ல பேசாதே. க்ளாஸ் நடக்குது. இவங்க கேக்கட்டும். ஹீப்ருல சொல்லு."

"அய்யோ, அக்கா, இது..."

"ஹீப்ருல."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு அவள் பேசினாள். மடமடவென்று, சாதாரணக் குரலில், மூச்சு விடாமல் ஒரு நீளமான பேச்சு. முடிவில் ஒரு கேள்வி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. டீச்சரக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எங்க, அவ என்ன சொன்னா? சொல்லு பாப்போம்."

முன்வரிசைப் பெண் எழுந்தாள். விரலால் எண்ணி எண்ணிச் சொன்னாள். "மிஸ், அவங்க பாத்துக்கற பாட்டியம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்களாம். அவங்களுக்கு ஒரு ஆள் வேணுமாம். இவங்க உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்களாம். பேப்பரெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம். நீங்க..." நிறுத்தினாள். "நீங்க வர்றீங்களான்னு கேக்கறாங்க, மிஸ்."

கீழே பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்தது. டீச்சரக்கா ஸ்கேலை மேஜையில் வைத்தார். போனைப் பார்த்தார். ஒரு கணம், அந்தக் கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்த முகம் அவரிடம் வந்தது. வாய் திறந்தது. நான் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தேன்.

"கடைசி வரி சரியா விழல" என்றார். "இன்னொருவாட்டி சொல்லு. சத்தமா."

போனில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு சத்தமாக, அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே கத்தி, கடைசி வரியை மட்டும் சொன்னாள்.

"அத் பாஆ?"

நீங்கள் வருகிறீர்களா.

டீச்சரக்கா ஸ்கேலை எடுத்தார். வகுப்பைப் பார்த்தார்.

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

"அத் பாஆ?" என்று அவரைப் பார்த்து அத்தனை பெண்களும் கத்தினார்கள்.

"கிட்டத்தட்ட சரி. இன்னொருவாட்டி."